சிதம்பரம் சாரை வெளியே அனுப்பிய நாள்

ஹோம் பிளேட்டை அப்போதுதான் குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். சிதம்பரம் சார் தன் ஷூ முனையால் செம்மண்ணை வாரி அதன்மேல் தள்ளினார்.

வெள்ளை ரப்பர் தட்டு பாதிக்கு மேல் மூடிப்போனது.

"இப்ப தொடைங்க மேடம்" என்றார். "மண்ணு கெடந்தா என்ன, கெடக்காட்டா என்ன? ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே."

மாஸ்க் என் இடது கையில் இருந்தது. தலைத்துணிக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் நான் அழுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தூக்காமல் நின்றேன்.

"சார், ஆட்டத்தப் பத்திப் பேசுங்க, கேக்கேன். இதுக்கு மேல வேண்டாம்" என்றேன்.

அவர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார். நான் அணிந்திருந்த மார்புக் கவசத்தின்மேல் இரண்டு விரலை ஊன்றித் தள்ளினார். பெரிய தள்ளு இல்லை. அரை அடி பின்னால் போனேன், அவ்வளவுதான்.

பேஸ்பாலில் ஒருவரை ஆட்டத்தைவிட்டு வெளியேற்ற ஒரு சைகை உண்டு. வலது கையை உயர்த்தி, எதையோ மைதானத்துக்கு வெளியே வீசுவதுபோல் காட்ட வேண்டும். நான் வீசினேன்.

"சார், நீங்க வெளிய போகணும்."

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி மைதானத்தில் அந்த ஒரு நொடி காக்கை கத்துவது மட்டும் கேட்டது. ஏனென்றால் அது சிதம்பரம் சாரின் மைதானம். அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். முள்ளும் கல்லுமாய்க் கிடந்த இடத்தைத் தன் மாணவர்களோடு சேர்ந்து மட்டம் தட்டி, செம்மண் கொட்டி, உருளை இழுத்துத் தளமாக்கியவர். அவரை அங்கிருந்து வெளியே போகச் சொல்லியிருந்தேன்.

நம்ம ஊரில் பேஸ்பாலா?

இந்தத் தொடரில் பேஸ்பால் என்ற சொல் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுதிக் கேட்டுவிடுகிறார்: "திருநெல்வேலியில் அதை யாரம்மா ஆடுகிறார்கள்?"

ஆடுகிறார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் கபடியும் கைப்பந்தும் நடக்கும் அதே வாரத்தில், ஓர் ஓரமாக, இதுவும் நடக்கும். ஏரலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள், கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காமல் இதற்குள் நுழைந்து, பிறகு இதைவிட்டு நகர மறுப்பவர்கள்.

தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். பந்தை அடித்தவன் மூலைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பேஸ்களைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். அவன் தொடுவதற்கு முன்னால், பந்தைக் கையுறையில் வைத்திருக்கும் கேட்சர் அவனைத் தொட்டுவிட்டால் அவுட். எது முந்தியது என்று சொல்ல பிளேட்டுக்குப் பின்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். அது நான்.

மேலப்பாளையத்தில் கைலி வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள் அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி என்பதை முன்பே எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நடுவர் தேர்வில் நான் தேறிய பிறகும், ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு பெண்ணை பிளேட்டில் நிறுத்தலாமா என்று வருஷக்கணக்கில் யோசித்தார்கள். ஒரு கூட்டத்தில் அது கைதூக்கலுக்கு வந்தது. எனக்காகக் கை தூக்கிய சிலரில் சிதம்பரம் சாரும் ஒருவர். "பாக்கத் தெரிஞ்சவ நிக்கட்டும். இதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?" என்று சொன்னாராம்.

அந்தச் செய்தி என் காதுக்கு வந்தபோது, வீட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

சண்டைக்கும் ஓர் எல்லை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று விசித்திரமாக இருக்கும். பேஸ்பாலில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவரோடு வாதாடலாம். கையை ஆட்டலாம், குரலை உயர்த்தலாம். நடுவர் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு நடுவருக்கும் மனதுக்குள் ஒரு கோடு இருக்கும். என் கோடு எளிமையானது. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். என்னைப் பற்றிப் பேசினால் ஒருமுறை எச்சரிப்பேன். மேலே கை வைத்தால் வெளியே. அது விதிப்புத்தகத்திலும் இருக்கிறது.

அதுவரை நான் இரண்டு பேரைத்தான் வெளியேற்றியிருந்தேன். இரண்டு பேரும் என்னைவிடச் சின்னவர்கள், கெட்ட வார்த்தை பேசிய ஆட்டக்காரர்கள். மறுநாளே ஒருவன் வந்து "மேடம், வாய் தவறிட்டு" என்று நின்றான். சிதம்பரம் சார் அந்தக் கணக்கில் வருகிறவர் இல்லை.

அந்த ஒரு பந்து

அது அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ். சிதம்பரம் சாரின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. மூன்றாவது பேஸில் மாரிச்செல்வம் நின்றான். ஏரல்காரன், கடைசி வருஷ மாணவன், அந்த அணியிலேயே வேகமானவன். அவன் வந்து பிளேட்டைத் தொட்டால் ஆட்டம் சமன்.

அடித்தவன் வலது பக்கம் பந்தைத் தள்ளினான். மாரி பாய்ந்து வந்தான். அங்கிருந்து எறிந்த பந்து கேட்சர் கைக்கு வந்து சேர்ந்ததும், அவன் நெஞ்சு தரையில் உரசச் சறுக்கி வந்து விழுந்ததும் ஒன்றாக நடந்தன. செம்புழுதி எழுந்தது.

நான் இடப்பக்கம் ஓர் எட்டு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. கேட்சரின் முதுகு எனக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வந்துவிட்டது. கையுறை மாரியின் தோளில் பட்டதைப் பார்த்தேன். அவன் கையைப் பார்க்கவில்லை.

"அவுட்!" என்று முஷ்டியை இறுக்கிக் காட்டினேன்.

மாரி எழுந்தான். என்னை ஒருமுறை பார்த்தான். சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் அணியின் பெஞ்சுக்குப் போனான். ஓடி வந்தவர் சிதம்பரம் சார்தான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வெளியே போகச் சொன்ன பிறகும் அவர் போகவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார். "யாரு கிரவுண்டுல நின்னுக்கிட்டு யாரப் போகச் சொல்லுதிய?"

பேஸ் பக்கம் நின்ற இன்னொரு நடுவர் கிறிஸ்டோபர் அண்ணன் என் அருகில் வந்து பைய சொன்னார்: "மேடம், பெரிய மனுசன். கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

விட்டால் அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் யாரும் என் கைச் சைகைக்குக் கட்டுப்பட மாட்டார்கள். எனக்கு அது அப்போது பளிச்சென்று தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அணியின் கேப்டனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சார் போகலன்னா ஆட்டம் எதிரணிக்குப் போயிரும். விதி அதுதான். நீ போய்ச் சொல்லு."

கேப்டன் அவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். கடைசி வாக்கியம் எனக்கும் கேட்டது: "ஆட்டத்த எங்ககிட்ட விடுங்க சார். நாங்க பாத்துக்கிடுதோம்."

சிதம்பரம் சார் போனார். கம்பிவேலிக் கதவை அவரே திறந்து, வெளியே போய், அவரே சாத்தினார். நான் குனிந்து பிளேட்டை மறுபடி துடைத்தேன். 

அடுத்து வந்தவன் மூன்று பந்தையும் அடிக்காமல் விட்டு அவுட் ஆனான்; அதுதான் கடைசி அவுட். அவர்கள் ஒரு ரன்னில் தோற்றார்கள்.

இரண்டு பக்கம்

மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசியில் அந்த வீடியோ வந்திருந்தது. அனுப்பியவர் கிறிஸ்டோபர் அண்ணன். யாரோ ஒரு மாணவன் வேலிக்கு அப்பாலிருந்து எடுத்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மாரியின் வலது கை விரல்கள் பிளேட்டின் மேல் இருக்கின்றன. கையுறை அவன் தோளிலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

அவன் சேஃப், அவுட் இல்லை. சந்தேகமே இல்லை.

வீடியோ அவன் விழுந்து எழுவதோடு முடிந்துவிட்டது. சிதம்பரம் சார் வந்ததும் தள்ளியதும் அதில் இல்லை.

வெளியேற்றம் நடந்தால் அன்றைக்கே நடுவர் அறிக்கை எழுதி, மறுநாள் காலை ஒழுங்குக் குழுவிடம் கொடுக்க வேண்டும். தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து என் அக்கா நூர்ஜஹான் ராத்தா சோற்றுக்கு ஆணம் கொண்டுவந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் சொன்னேன்.

"அவரு கை வச்சது தப்புதானே? அத எழுது. முடிஞ்சிது" என்றாள்.

"நான் சொன்னதும் தப்பு ராத்தா."

"ஒன்னய யாரு கேட்டா? ஏட்டி, நீயே எழுதிக் குடுத்தா, பொம்பளைக்குக் கண்ணு தெரியலன்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசுவானுவோ."

"இப்பவே பேசுதானுவோ. வீடியோ எல்லார்ட்டயும் இருக்கு."

"பேசிட்டுப் போறானுவோ. ஒன் கையெழுத்து எதுக்கு அதுல?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷம் வெயிலில் நின்று சேர்த்த பெயர். அதைக் கெடுக்க ஒரு தாள் போதும். ஆனால் மாரி என்னைப் பார்த்துவிட்டுப் போன அந்தப் பார்வை என்னைவிட்டு நகரவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுதினேன். முதல் பக்கத்தில், என் தீர்ப்பு தவறு, நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, ஓட்டக்காரர் சேஃப். இரண்டாம் பக்கத்தில், பயிற்சியாளர் பிளேட்டின் மீது மண் தள்ளினார், எச்சரித்தேன், என்மேல் கை வைத்துத் தள்ளினார், வெளியேற்றினேன். இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டேன்.

ராத்தா படித்துப் பார்த்தாள். "வாப்பா மாதிரியே வீம்பு" என்று சொல்லிவிட்டு ஆணப் பாத்திரத்தைத் திறந்தாள்.

விசாரணை

மறுநாள் காலை அதே கல்லூரியில் ஓர் அறை. குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி, யாரையும் நோகடிக்க விரும்பாதவர். ஒரு பக்கம் நானும் கிறிஸ்டோபர் அண்ணனும். எதிர்ப்பக்கம் சிதம்பரம் சார், சலவைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. என்னைப் பார்க்கவில்லை.

அறிக்கையை வாங்குவதற்கு முன்னாலேயே தலைவர் ஆரம்பித்தார். "ரெண்டு பேரும் நமக்கு வேண்டியவிய. நாளைக்கு ஃபைனல். மேடம் அந்த ரிப்போர்ட்டக் குடுக்காண்டாம். சிதம்பரம், நீங்களும் புகார் எதுவும் சொல்லாண்டாம். கையக் குலுக்கிட்டு எந்திரிச்சிப் போயிருவோம். என்ன சொல்லுதிய?"

"நான் தயார்" என்றார் சிதம்பரம் சார். "நான் தொடவே இல்ல. வெரல நீட்டிப் பேசினேன். அது ஒரு குத்தமா?"

கிறிஸ்டோபர் அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தார். ஆனால் அவருக்கு அந்தக் கல்லூரியில் அடுத்த வாரமும் வேலை இருந்தது. நான் அவரை இக்கட்டில் மாட்டிவிட விரும்பவில்லை.

"சார், நான் ரிப்போர்ட்டக் குடுக்கேன். வாசிச்சிருங்க" என்றேன்.

தலைவர் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுதச் சொல்லி ஒங்கள யாரும்மா கேட்டா?"

"நடந்தத எழுதணும்லா சார்."

"இத வச்சி அவரு மேல உள்ள புகாரத் தள்ளிரலாமே. தப்பான தீர்ப்பு, அதுல வந்த கோவம்னு."

"அது வேற, இது வேற சார். நான் தப்பா சொன்னது என் கணக்கு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. தீர்ப்பு தப்பா இருந்தாலும் அம்பயர் மேல கை வைக்கக் கூடாது. அது அவரு கணக்கு. ஒண்ணக் காட்டி இன்னொண்ண அழிக்கக் கூடாது."

என் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று எனக்கே தெரியாது.

சிதம்பரம் சார் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலைவர் இரண்டாம் பக்கத்தையும் வாசித்து முடித்தார்.

குழுவில் இருந்த ஒருவர், ஓட்டக்காரனையும் விசாரிக்கலாமே என்றார். மாரிச்செல்வத்தை வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒன் கை பிளேட்டுல பட்டுது, இல்லியா?" என்றார் தலைவர்.

"பட்டுது சார்."

"அது ஒனக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன்டே ஒண்ணும் சொல்லாமப் போன?"

அவன் கொஞ்சம் தயங்கினான். சிதம்பரம் சாரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான். "அம்பயர்ட்ட கேப்டன் மட்டுந்தான் பேசணும், மத்தவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சார் சொல்லித் தந்திருக்காவ. மொத வருசத்துலேருந்து அப்பிடித்தான் சார்."

அவன் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். மின்விசிறியில் தலைவரின் தாள் படபடத்தது.

சிதம்பரம் சார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது பக்கமும் உள்ளதுதான்" என்றார். "தள்ளினேன். எழுதிக்கிடுங்க."

அந்த ரன்

சிதம்பரம் சாருக்கு ஒரு வருஷத் தடை. எந்தப் போட்டியிலும் அணியோடு மைதானத்துக்குள் வரக் கூடாது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. மறுநாள் இறுதி ஆட்டத்தில் பிளேட்டில் நிற்க என் பெயர்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு வேறு ஒருவர் பெயரை எழுதினார்கள். தீர்ப்பு தீர்ப்புதான், முடிந்த ஆட்டத்தின் முடிவு மாறாது என்றார்கள்.

"தப்பா எடுத்துக்கிடாதிய" என்றார் தலைவர்.

"இல்ல சார். சரிதான்" என்றேன். வலித்தது. இறுதி ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்று எத்தனை வருஷ ஆசை. ஆனால் அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது என் முதுகு நேராக இருந்தது. அந்த நடையை நான் இப்போதும் நினைத்துக்கொள்வதுண்டு.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாரி நின்றான். போய் நின்றேன்.

"நீ சேஃப்ப்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிரு."

"அய்யோ, விடுங்க மேடம். எங்க ஊர்ல இப்ப எல்லாவனும் அந்த வீடியோவத்தான் பாக்கான். நான் இவ்ளோ வேகமா ஓடுவேன்னு எங்க அம்மைக்கே நேத்துதான் தெரியும்." சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ஆனா, அந்த ரன்னு கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்."

இப்போதெல்லாம் கேட்சர் அசையும்போதே என் கால் தானாக இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. அவனுக்கு என்னால் திருப்பித் தர முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு விண்ணப்பத் தாள்

வருஷம் ஒன்று ஓடியது. தடை முடிந்து சிதம்பரம் சார் அணியோடு வந்த முதல் போட்டி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில். ஆற்றுக்காற்று மைதானம்வரை வரும் இடம். நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். யார் எந்த ஆட்டத்துக்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்கன வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

போட்டிக்குப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு அணியும் ஒரு விண்ணப்பம் கொடுக்கும். அதில் ஒரு வரி, 'உங்கள் ஆட்டத்துக்கு வேண்டாம் என்று கருதும் நடுவர்கள்.' பெரும்பாலும் எல்லா அணியும் ஒருவர் இருவர் பெயரை எழுதும். அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. சிதம்பரம் சார் அணியின் விண்ணப்பத்தில் அந்த இடத்தில் என் பெயர் இருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அப்படி இருந்தால் கோபப்படக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

'எவரும் இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கேட்காத இடத்தில், சிதம்பரம் சாரின் அதே கையெழுத்தில் இன்னும் ஒரு வரி.

'பிளேட்டில் ஜொகரா மேடம் நின்றால் நல்லது.'

இரண்டு முறை படித்தேன். செயலாளர் சிரித்தார். "என்ன மேடம், போட்டுரட்டுமா?"

"போடுங்க" என்றேன்.

மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். பெஞ்சின் ஓரத்தில் சிதம்பரம் சார் தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தித் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். பிளேட்டுக்குப் பின்னால் போய், கால்களை அகட்டி, தலைத்துணியை இழுத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டினேன்.

"ப்ளே!"

அன்று அந்தக் குரல் ஆற்றுக்கு அக்கரைவரை கேட்டிருக்கும்.